எர்லிந்தா ஊர் சுற்றிக் காட்டிய நாள்

அமெரிக்காவிலிருந்து ஊழியத்துக்கு வருகிற கூட்டத்தைக் கடைசி நாளன்று எரிமலையடிவாரத்துப் பழைய நகரமான அந்திகுவாவுக்கு அழைத்துப்போய், ஊரைச் சுற்றிக் காட்டி, சந்தையில் சாமான் வாங்க வைத்து, பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது போதகர் எலியாசரின் வேலை. எர்லிந்தாவுக்கு அன்றைக்கு அடுப்படிதான். ராத்திரி விருந்துக்குக் கோழி உரிக்க வேண்டும். காய்ந்த மிளகாயையும் பூசணி விதையையும் வறுத்து அரைத்துக் குழம்பு வைக்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் ஒரு தடவைகூட அந்த வேனில் ஏறியதில்லை. ஏறச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

இந்த வருஷம் ஏறினாள். எலியாசர் போன டிசம்பரில் இறந்துவிட்டார். சபையில் அவளை விட்டால் இங்கிலீஷ் பேச வேறு ஆள் கிடையாது.

இங்கிலீஷ் அவள் பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. சிறுமியாக இருந்தபோதே சிமல்தெனாங்கோ நகரத்தில் ஒரு மிஷனரி நர்ஸ் வீட்டுக்கு வேலைக்குப் போனாள். பாத்திரம் கழுவிக்கொண்டே காதில் விழுந்ததை மனசில் போட்டுக்கொண்டாள். வீட்டில் தாய்மொழியான கக்சிகேல், கடைத்தெருவில் ஸ்பானிஷ், நர்ஸம்மாவிடம் இங்கிலீஷ் என்று மூன்றும் அவளுக்கு ஒரே நாக்கில் புரண்டன. எலியாசருக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனால் கூச்சமில்லாமல் பேசுவார். பத்து வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வெள்ளைக்காரர்களைச் சிரிக்க வைத்துவிடுவார். எர்லிந்தாவுக்கு எல்லா வார்த்தையும் தெரியும். சிரிக்க வைக்கத்தான் தெரியாது.

ஜூலை மாசத்து மழை ராத்திரியே பிடித்துக்கொண்டது. விடிந்தும் தூறல் நிற்கவில்லை. வேனுக்குள் எல்லோரும் ஒரே மாதிரி ஆரஞ்சு நிறச் சட்டை போட்டு, முதுகில் வேத வசனம் எழுதியிருக்க உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் வெண்டல் முன்சீட்டில் இருந்தார். அவர் அயோவாவில் சோளம் போடுகிற விவசாயி. எழுபதைத் தொட்ட மனிதர். எர்லிந்தாவின் ஷெனிமா கிராமத்துச் சபைக்கு மேல்கூரை போட்டதே அவர் கைதான். அதற்கப்புறம் வருஷம் தவறாமல் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வந்து, ஒரு வாரம் இலவச வைத்தியமும் பிள்ளைகளுக்கு வேத பாடமும் நடத்திவிட்டுப் போவார். எலியாசர் இறந்த செய்தியைப் போனில் சொன்னபோது மறுமுனையில் அவர் விம்மியது அவளுக்குக் கேட்டது.

இந்தத் தடவை வந்ததிலிருந்து வெண்டல் சரியாகப் பேசவில்லை. கண்ணைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். 'புருஷன் இல்லாத வீட்டுக்கு வந்திருக்கோம்னு கூச்சப்படுறார்போல' என்று எர்லிந்தா நினைத்துக்கொண்டாள். நாத்தனார் தெக்லாவிடம் அடுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும்போதுகூட அதையேதான் சொன்னாள்.

தெக்லா சொன்னாள், "கூச்சமோ என்னமோ, அந்த மனுஷன் நேத்து என் சோளரொட்டிய ரெண்டோட நிறுத்திட்டார். எட்டு திங்கிற ஆளு. எனக்கென்னமோ நல்லதா படலை அண்ணி."

முதலில் சிலுவைக் குன்று. வேனை நிறுத்தியதும் அங்கே காவலுக்கு நின்ற போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார்.

"போதகர் எங்கே? தூங்குறாரா உள்ள?"

"இறந்துட்டாருங்க. டிசம்பர்ல."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார். "போன வருஷம்கூட எனக்கு ஒரு பாட்டு சொல்லிக் கொடுத்தாரே" என்றார்.

மேலே ஏறிப் பார்த்தால் ஒன்றுமில்லை. கல் சிலுவை மட்டும் நனைந்து நின்றது. கீழே ஊர் பாதிதான் தெரிந்தது. எதிரே அக்வா எரிமலை நிற்க வேண்டிய இடத்தில் அழுக்குப் பஞ்சு மாதிரி மேகம் அடைத்துக் கிடந்தது. ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் அதையும் படம் எடுத்தார்கள். எர்லிந்தா ஓரமாகச் சால்வையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு நின்றாள். இந்த இடத்துக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. எங்கே நிற்பது, எதைக் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் லொரேன் கிட்டே வந்தாள். அவள் அந்தக் கூட்டத்தின் நர்ஸ். பல வருஷமாக வருகிறவள், பருத்த உடம்பு, நல்ல மனசு.

"சிஸ்டர், இந்த இடத்துல நிக்கறப்போ உங்களுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும் இல்ல?" என்றாள்.

"ஏன்?"

"போதகர் ஒவ்வொரு வருஷமும் சொல்வாரே. இங்கதான் அவர் உங்ககிட்ட கல்யாணத்துக்குக் கேட்டாராம். நீங்க முடியாதுன்னுட்டீங்களாம். எரிமலை முழுசா முகம் காட்டினா சரி சொல்றேன்னீங்களாம். அவர் குடைகூட இல்லாம இந்தப் படியில உக்காந்துகிட்டே இருந்தாராம். எங்க எல்லாருக்கும் மனப்பாடம் அது."

புதிதாக வந்திருந்த பெய்ஜ் என்கிற பெண் ஓடி வந்தாள். "ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு! அப்புறம் மேகம் விலகுச்சா?"

எர்லிந்தா அவள் முகத்தைப் பார்த்தாள். நடந்தது வேறு. நர்ஸம்மா வீட்டு அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள் அவள். நர்ஸம்மாவும் ஒரு போதகரும் பேசி முடித்துவிட்டு, ஒல்லியாக ஒரு வேதப்பள்ளி மாணவனைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தினார்கள். "இவனைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள் நர்ஸம்மா. கண்ணீர் கொட்டக் கொட்ட எர்லிந்தா தலையாட்டினாள். வெங்காயத்தைக் கவனிக்காத எலியாசர், வேண்டாவெறுப்பாகத்தான் சம்மதித்தாள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லிச் சிரிக்கவே அவர்களுக்கு ரொம்ப வருஷம் பிடித்தது. அந்தக் கதையை இவர்களிடம் சொல்லக்கூடாதா? அதில் என்ன குறை கண்டார்?

"விலகுச்சு" என்றாள் எர்லிந்தா.

பெய்ஜ் அவளைக் கட்டிக்கொண்டாள். எல்லோரும் அவளை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

குன்றிலிருந்து இறங்கி, பூகம்பத்தில் விழுந்த பழைய மடத்துக்குப் போனார்கள். டிக்கெட் கொடுக்கிற பெண்ணும் போதகர் எங்கே என்று கேட்டாள். எர்லிந்தா சொன்னாள். மடத்துக்குள் கூரையில்லாத கோயிலின் நடுவே புல் முளைத்துக் கிடந்தது. மற்றவர்கள் தூண்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போக, வெண்டல் மட்டும் மழையில் நனைந்தபடி அண்ணாந்து நின்றார். எர்லிந்தா தன் குடையைக் கொண்டுபோய் அவருக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

"சிஸ்டர்..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்க பிரதர்."

"ஒண்ணுமில்ல. குடை உங்களுக்கே பத்தலை. நீங்க பிடிங்க."

சந்தைக்குப் போனதும் தூறல் கொஞ்சம் விட்டது. தகரக்கூரை போட்ட கைவினைச் சந்தையில் சந்து சந்தாக மேஜை விரிப்புகள், பைகள், முகமூடிகள், தலையணைக்கடியில் வைத்துக் கவலையைச் சொல்லுகிற விரல் நீளப் பொம்மைகள் எல்லாம் தொங்கின. கூட்டம் நுழைந்ததுமே கக்சிகேல் மொழியில் பேச்சு கிளம்பிவிட்டது. தங்கள் பேச்சு வெள்ளைக்காரர்களுக்குப் புரியாது என்கிற தைரியம்.

"அடியே, ஆரஞ்சு லாரி கவுந்துடுச்சுடி. பொறுக்கிக்க வா!"

"அந்தக் குண்டு ஆரஞ்சு எனக்கு. எவளும் கிட்ட வராதீங்க!"

"ஏய், வாயை மூடு. கூட நம்ம ஊர்ப் பொம்பளை இருக்கா, காது கேக்குது பாரு."

எர்லிந்தாவுக்கு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். ஆளாளுக்கு அவளை இழுத்தார்கள். "இது கையால நெஞ்சதான்னு கேளுங்க." "சிவப்புல இருக்கான்னு கேளுங்க." "இன்னும் குறைப்பாங்களான்னு கேளுங்க." அவள் ஒவ்வொரு கடையாக நின்று கேட்டாள். விலை குறைக்கச் சொல்லும்போது வாய் கூசியது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அவளைப் போலவே தாயின் முதுகில் துணியால் கட்டப்பட்டு வளர்ந்தவர்கள். இந்தப் பக்கம் நின்றவர்கள் அவள் சபைக்குக் கூரை போட்டவர்கள். இரண்டு பக்கமும் அவள் வாய்தான் பேச வேண்டியிருந்தது.

கடைசியாகத் துணிக்கடை காந்தெலாரியாவிடம் வந்தார்கள். அவள் அறுபது வயசுக்காரி, முன்பல்லில் தங்கம். கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்து நின்று எல்லோரையும் தாண்டிப் பின்னால் தேடினாள்.

"தொன் எலியாசர் வரலையா?" என்று ஸ்பானிஷ் மரியாதையோடு கேட்டாள்.

அன்றைக்கு இந்தக் கேள்வி எத்தனையாவது தடவையோ. எர்லிந்தா அதே வார்த்தைகளைச் சொன்னாள். காந்தெலாரியா வாயைப் பொத்திக்கொண்டாள். "நீ அவரு வீட்டம்மாவா? எர்லிந்தாவா?" என்று கேட்டு, மேஜையைச் சுற்றி வந்து அவளைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பெய்ஜ் இதைப் படமெடுக்கப் போக, லொரேன் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

அந்தக் கடையில் கூட்டம் நிறையவே வாங்கியது. மூட்டை கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு, காந்தெலாரியா எர்லிந்தாவின் கையைப் பிடித்துச் சுருட்டிய நோட்டுகளை அமுக்கினாள்.

"என்னம்மா இது?"

"அவரோட பங்கு. வழக்கமா குடுக்கிறதுதான். கூட்டம் கூட்டியாந்து விடுறவங்களுக்கு எல்லாக் கடையிலயும் உண்டு."

எர்லிந்தா கையை விரித்து நோட்டுகளைப் பார்த்தாள். "அவர் ஒரு போதகர்" என்றாள்.

"போதகர்னா வயிறு கிடையாதா? பாவம், அவரு எடுத்துட்டுப் போனதே இல்ல. பின்சந்துல மிர்னா கடை இருக்குல்ல, கேக்கு கடை, அங்க குடுத்துடுன்னுவாரு. மறுபடி வர்றப்போ உக்காந்து காபி குடிப்பாரு, அவ்வளவுதான்."

கூட்டத்துக்குச் சாப்பாட்டு நேரம். லொரேனிடம் சொல்லி எல்லோரையும் பக்கத்திலிருந்த கோழிக்கடைக்கு அனுப்பிவிட்டு, எர்லிந்தா பின்சந்துக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. நோட்டுகளை அங்கே கொடுத்துவிட வேண்டும், தன் கையில் இருக்கக்கூடாது என்று மட்டும் தோன்றியது.

கடை சின்னது. உள்ளே முற்றம், மழை நீர் சொட்டுகிற வாழை, நாலு மேஜை. மிர்னா என்பவள் எர்லிந்தா வயசுதான் இருப்பாள். விஷயம் சந்தையிலிருந்து அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மூலை மேஜைதான்" என்றாள்.

எர்லிந்தா உட்கார்ந்தாள். "என்ன சாப்பிடுவார்?"

"வேற என்ன, பால் கேக்குதான். மூணு பால் ஊத்தி ஊற வெச்சது. ஒரு துண்டு முடிச்சுட்டு இன்னொண்ணுக்குக் கண்ணைக் காட்டுவாரு. காபிக்கு மூணு கரண்டி சக்கரை."

எலியாசருக்குச் சர்க்கரை நோய். ஏழெட்டு வருஷமாக வீட்டில் அவள் சர்க்கரை டப்பாவையே வைத்ததில்லை. தானும் சர்க்கரை இல்லாத காபியைத்தான் குடித்தாள், அவருக்கு ஆசை வரக்கூடாதென்று. சபையில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் முன்கூட்டியே போய், "அவருக்கு இனிப்பு வைக்காதீங்க" என்று சொல்லி வைப்பாள். காலில் வந்த புண் ஆறாமல், விரலை எடுத்து, பிறகு பாதத்தை எடுத்து, சிறுநீரகம் நின்று அவர் போன பிறகு, எங்கே தவறிவிட்டோம் என்று ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டையும் திரும்பத் திரும்ப யோசித்துப் படுக்கையில் புரண்டிருக்கிறாள்.

"வருஷத்துக்கு ஒரு தடவைதானே? இவங்களோட வரும்போது?" என்று கேட்டாள்.

மிர்னா தயங்கினாள். "இல்லீங்கம்மா. மாசத்துல ரெண்டு மூணு தடவை வருவாரு. சும்பாங்கோவுல ஜெபக்கூட்டம் முடிச்சுட்டு வர்றேன்னுவாரு."

சும்பாங்கோ ஜெபக்கூட்டம். அந்தப் பக்கம் போகிறார் என்றால் எர்லிந்தா விடிகாலையிலேயே எழுந்து, வேகவைத்த பீன்ஸும் ரொட்டியும் துணியில் கட்டிக்கொடுப்பாள். "பசியோட இருக்காதீங்க, சர்க்கரை இறங்கிடும்" என்று சொல்லி அனுப்புவாள்.

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லுவாரா?"

"சொல்லாம என்ன? 'என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடுவா'ன்னு சொல்லிச் சிரிப்பாரு. அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருப்பாரு. யாரோடயும் பேசமாட்டாரு. நாங்களும் தொந்தரவு பண்ணமாட்டோம். இங்க வந்தா அவரு போதகர் இல்லம்மா. களைச்சுப்போன ஒரு ஆளு, அவ்வளவுதான்."

மிர்னா கேட்காமலே ஒரு துண்டு கேக் கொண்டுவந்து வைத்தாள். எர்லிந்தா கரண்டியை எடுத்தாள். ஒரு வாய் வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. 'என்னையும் ஒரு நாள் கூட்டி வந்திருக்கலாமே. சும்மா எதிரே உக்கார வெச்சிருக்கலாமே. நான் திட்டியிருப்பேன்தான். திட்டிட்டு உக்காந்திருப்பேன்ல' என்று நினைத்தாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது; மிச்சக் கேக்கைக் கரண்டியால் சின்னச் சின்னதாக நறுக்கினாள்.

வெண்டல் அவளைத் தேடிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தபோது அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சட்டையெல்லாம் நனைந்திருந்த அந்தப் பெரிய உடம்புக்காரர் சின்ன நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"சிஸ்டர், ராத்திரி ஆராதனைக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். காலையிலேருந்து முயற்சி பண்றேன்."

"சொல்லிடுங்க."

"எங்க சபை மூப்பர்கள் கூடிப் பேசினாங்க. அடுத்த வருஷத்துலேருந்து நாங்க வரமாட்டோம். வேற நாட்டுல ஒரு ஊழியத்தோட சேர்றதா முடிவு பண்ணிட்டாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். எனக்கும் வயசாச்சு, என் பேச்சு எடுபடலை."

எர்லிந்தா கரண்டியைத் தட்டின்மேல் வைத்தாள்.

"ஏன்?"

"எலியாசர் இல்லாம... அங்க யாரு இருக்கா, யாரை நம்பி ஆளுங்களை அனுப்பறதுன்னு கேட்டாங்க."

"நான் இருக்கேன்ல" என்றாள் எர்லிந்தா.

வெண்டல் நனைந்த சட்டையின் கையைப் பிழிந்தார். வாழை இலையிலிருந்து தண்ணீர் தகரத்தில் சொட்டியது. அவர் கெட்டவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த மூப்பர்கள் கூட்டத்தில் அவள் பெயரை ஒருவர்கூட எடுத்திருக்கமாட்டார் என்பதும், இவருக்கே இப்போதுதான் அது உறைக்கிறது என்பதும் அவர் முகத்திலேயே தெரிந்தது.

எர்லிந்தா தட்டை ஒதுக்கி வைத்தாள். "நானும் ஒண்ணு சொல்லிடறேன் பிரதர். ஞாயித்துக்கிழமை ஆராதனையில பெஞ்சு நிறைய ஆள் பார்த்தீங்கல்ல, அதுல பாதிப் பேர் நம்ம சபை கிடையாது. அவர் போனதும் ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க. நெடுஞ்சாலைகிட்ட பெரிய சபை ஒண்ணு வந்திருக்கு, மைக்கு, டிரம்ஸு எல்லாம் வெச்சு. நீங்க வர்றீங்கன்னு நான்தான் வீடு வீடா போய் அக்கம்பக்கத்துக்காரங்களைக் கெஞ்சிக் கூட்டியாந்தேன்."

"தெரியும் சிஸ்டர்."

"தெரியுமா?"

"பின்பெஞ்சுக்காரங்க பாட்டு தெரியாம உதட்டை அசைச்சுட்டிருந்தாங்க. ஒருத்தர் என்னோட கைகுலுக்கறப்போ சிலுவை போட்டுக்கிட்டார். கத்தோலிக்கர்."

எர்லிந்தாவுக்குச் சிரிப்பும் அவமானமும் ஒன்றாக வந்தன. "அவர் எங்க எதிர்வீட்டு தொன் லாஸரோ. சாப்பாடு உண்டுன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன்" என்றாள். வெண்டல் சிரிக்க முயன்றார், முடியவில்லை. கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். அவர் அழுவதைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். ஆறுதல் சொல்ல அன்றைக்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

போகும்போது சுருட்டிய நோட்டுகளை மிர்னாவிடம் நீட்டினாள். "அவர் கணக்குல பாக்கி இருந்தா எடுத்துக்கோங்க" என்றாள். மிர்னா வாங்க மறுத்தாள். எர்லிந்தா மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தாள். எலியாசர் என்ன செய்தார் என்பதை வெண்டலிடமோ லொரேனிடமோ அவள் சொல்லவில்லை. இவர்கள் நாளைக்குப் போய்விடுவார்கள். போகிற இடத்தில் அவரை நல்லவராகவே வைத்துக்கொள்ளட்டும்.

திரும்புகிற வேனில் எல்லோரும் வாங்கின சாமானை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு வந்தார்கள். பெய்ஜ் ஒரு கவலைப் பொம்மைப் பொட்டலத்தைப் பிரித்து எர்லிந்தாவுக்கு ஒன்று கொடுத்தாள். எர்லிந்தா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்தாள். சும்பாங்கோவைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டில் தெக்லா குழம்பை அடிப்பிடிக்க விட்டிருந்தாள். "நெருப்பு ஈரவிறகுல சரியாவே வரலை அண்ணி, அப்புறம் திடீர்னு பத்திக்கிச்சு" என்று தொடங்கியவள், எர்லிந்தாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சாயங்கால ஆராதனையில் வெண்டல் முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் எர்லிந்தா. அவர் ஒரு வாக்கியம் சொல்ல, அவள் ஒரு வாக்கியம் சொன்னாள். இத்தனை வருஷ அன்புக்கு நன்றி என்றார், சொன்னாள். எலியாசரைப் போன்ற ஒரு உண்மையான மனிதரை நான் கண்டதில்லை என்றார். அங்கே மட்டும் அவள் நாக்கு ஒரு கணம் நின்றது. பிறகு அதையும் சொன்னாள், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். அடுத்த வருஷம் எங்களால் வர முடியாது, அதற்கடுத்த வருஷமும் வரமாட்டோம் என்றார். சொன்னாள்.

ஜனங்கள் கைதட்டினார்கள். வெண்டல் பேசி முடித்தால் கைதட்டுவது அவர்கள் வழக்கம். என்ன சொன்னார் என்பது பாதித் தட்டலில்தான் புரிந்தது. கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

முன்பெஞ்சிலிருந்து மூப்பர் செபெரினோ எழுந்தார். நடுங்குகிற குரலில், வந்தவர்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர ஜெபித்தார். நீளமான ஜெபம். முடிந்ததும் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"போதகரம்மா, அப்போ எங்க கண்ணாடி? கண்ணுக்கு அளவெடுத்துட்டு அடுத்த தடவை கொண்டாரோம்னாங்களே?"

எர்லிந்தா அதை இங்கிலீஷில் வெண்டலிடம் சொன்னாள். அவர் லொரேனைப் பார்த்தார். லொரேன், தபாலில் அனுப்புகிறோம், நிச்சயமாக அனுப்புகிறோம் என்றாள். எர்லிந்தா திரும்பி அந்தப் பெண்ணிடம், "அனுப்புறாங்களாம்" என்றாள். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அடிப்பிடித்த குழம்பை யாரும் குறை சொல்லவில்லை. தொன் லாஸரோ அன்றைக்கும் வந்திருந்தார்.

கண்ணாடிகள் வந்தன. லொரேன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆனால் அளவுகள் மாறிப்போயிருந்தன. எது யாருடையது என்று தெரியாமல், ஜனங்கள் ஆளுக்கொன்றாகப் போட்டுப் பார்த்து, கொஞ்சம் தெளிவாகத் தெரிந்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குள் சபையில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பெஞ்சு நிறைந்தாலே அதிகம் என்றாகிவிட்டது. எர்லிந்தாவே வேதத்தை வாசிப்பாள். பொம்பளை பிரசங்கம் பண்ணலாமா என்று செபெரினோ முணுமுணுப்பார், ஆனால் வருவார். அவர் படுக்கையில் விழுந்ததும் ஞாயிறு ஆராதனையும் நின்றது. நெடுஞ்சாலைச் சபைக்காரர்கள் வந்து கட்டிடத்தைக் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையாவது விளக்கு எரியட்டும் என்று சாவியைக் கொடுத்துவிட்டாள். அவர்கள் அதில் நாற்காலிகளையும் ஜெனரேட்டரையும் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள்.

மிர்னா கடை விஷயத்தை அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை, தெக்லாவிடம்கூட. அண்ணனைப் பற்றித் தெக்லா தினமும் ஏதாவது பெருமை பேசுவாள். எர்லிந்தா மாவைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரே ஒரு நாள், "அவர் ரொம்ப நல்லவர்தான், ஆனா புளுகுவார்" என்றாள். தெக்லா கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் எர்லிந்தா வேலைக்குப் போகத் தொடங்கினாள். சிமல்தெனாங்கோ ஆஸ்பத்திரியில் கக்சிகேல் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. மலையிலிருந்து வருகிற பெண்களுக்கு ஸ்பானிஷ் புரியாது, டாக்டர்களுக்கு அவர்கள் பேச்சு புரியாது. நடுவில் நின்று சொல்ல வேண்டும். விடியும்போது பஸ் ஏறி, இருட்டியபிறகு இறங்குவாள். பிரசவ வார்டில்தான் பெரும்பாலும் நிற்பாள். அவளுக்குப் பிறந்ததொன்றும் தங்கவில்லை. அதனாலேயே முதலில் அங்கே நிற்கப் பயந்தாள். பிறகு பழகிவிட்டது.

சில நாள் நல்ல செய்தி சொல்வாள். சில நாள் கெட்ட செய்தி. டாக்டர் சொல்வதைக் கேட்டு, கட்டிலில் கிடப்பவளின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் மொழியில் அப்படியே சொல்வாள். சொல்லிவிட்டு, அவள் கையை விடுகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அப்படி உட்காரச் சொல்லி அவளுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.